பழைய பி.எம்.டபிள்யூ. ஹட்டன் ஏறும்போது

விட்ஸ் வாங்குகிற காசுக்கு பி.எம்.டபிள்யூ. கிடைக்கும் என்று புரோக்கர் சொன்னால் அது பொய்யில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் சின்ன ஜப்பான் கார்களின் விலை ஏறிய வேகத்துக்கு, பதினைந்து வருடம் ஓடிய 5 சீரிஸும் ஈ கிளாஸ் பென்ஸும் ஏறவில்லை. வாங்குகிற செலவைவிட வைத்திருக்கிற செலவுதான் அந்தக் கார்களில் பெரிது என்பது சந்தைக்குத் தெரியும். கொழும்புக்காரர் விற்பது அதனால்தான். ஹட்டனில் ஒருவர் சந்தோஷமாக வாங்குகிறார்.

கார் பழசானால் அதன் விலை இறங்கும். உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. ஒரு கோடிக்கு மேல் விற்ற காருக்காகச் செய்த பாகம் அதே தரத்து விலையில்தான் வரும், அதுவும் அந்நியச் செலாவணியில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று சுமார் 203 ரூபாய். மே மாதம் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. சாதாரண ஒயில் மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விட்ஸுக்கு மூன்று லீற்றரும் கொஞ்சமும் போதும். ஆறு சிலிண்டர் பி.எம்.டபிள்யூவுக்கு ஆறரை லீற்றர், வி6 பென்ஸுக்கு எட்டு லீற்றர் வரை போகும். அதுவும் கம்பனி அங்கீகரித்த தரமாக இருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூவில் பெட்டரி மாற்றினால்கூட அதைக் காரின் கணினியில் பதிய வேண்டும். அந்தக் கருவி எல்லா கராஜிலும் இருக்காது.

இனி ரோட்டைப் பாருங்கள். அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வரும் ஏ7 பாதை சுமார் 70 கிலோமீட்டரில் 1,200 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. இந்த ஏற்றத்தில் முதலில் சோதனைக்குள்ளாவது கூலிங். இந்த வயது ஜெர்மன் எஞ்சின்களில் கூலன்ட் டேங்கும் பல குழாய் இணைப்புகளும் பிளாஸ்டிக். பல பி.எம்.டபிள்யூ. மாடல்களில் வோட்டர் பம்பும் மின்சாரத்தில் இயங்குவது. அது நிற்பதற்கு முன் சத்தம்கூடப் போடாது. கொழும்புத் தட்டை ரோட்டில் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும் பம்ப், கினிகத்தேனை வளைவில் கையை விரிக்கும்.

இறக்கம் வேறு கதை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் பக்கத்து மழையையும் மூடுபனியையும் சொல்லவே வேண்டாம். ஈரம் ஏறிய ஒயில் நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் கொதிக்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றச் சொல்வது அதனால்தான். 2000களின் தொடக்கத்தில் வந்த டபிள்யூ 211 பென்ஸ்களில் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. அதன் பம்ப் ஒவ்வொரு மிதிப்பையும் எண்ணி வைத்துக்கொண்டு, குறித்த எண்ணிக்கை வந்ததும் மாற்றச் சொல்லி எச்சரிக்கும். மலைநாட்டில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்! 2004இல் இந்த பிரேக்குக்காகவே மெர்சிடிஸ் 6 இலட்சத்து 80 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. 2006இல் ஈ கிளாஸிலிருந்து அதைக் கழற்றியே விட்டார்கள்.

டீசல் 520டி வாங்குகிறவர் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2007 முதல் சில வருடம் வந்த என்47 எஞ்சினில் டைமிங் செயின் கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் எஞ்சினையோ கியர்பொக்ஸையோ இறக்காமல் மாற்ற முடியாது. அடுத்தது, 2018இல் தென்கொரியாவில் ஓடிக்கொண்டிருந்த 520டி கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. ஈ.ஜி.ஆர். கூலரிலிருந்து கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து பற்றியதுதான் காரணம். அந்த வருட ஒக்டோபருக்குள் உலகம் முழுதும் 16 இலட்சம் டீசல் கார்களைக் கம்பனி திரும்ப அழைத்தது. இப்படித் திரும்ப அழைத்துச் செய்யும் திருத்தத்துக்குக் காசு கேட்பது வழக்கமில்லை. கொழும்பிலுள்ள உத்தியோகபூர்வ முகவரிடம் செசி நம்பரைக் கொடுத்து, அந்த வேலை இந்தக் காரில் முடிந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

எரிபொருளிலும் சிக்கனம் பார்க்க முடியாது. புகை வடிகட்டி உள்ள டீசல் காருக்கு சுப்பர் டீசல் வேண்டும். ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் மட்டும் ஓடினால் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும் அளவுக்குச் சூடாகாது, அடைத்துவிடும். பெற்றோல் ரகத்துக்கு 95 ஒக்டேன்தான்; 92 அடித்துப் பழகினால் எஞ்சினில் நொக்கிங் வரலாம்.

"டொக்டர் ஓட்டின கார் அண்ணே, ஏறி உக்காந்து ஓட்டுங்க" என்று யாராவது மாலை நேரத்தில் சூடான எஞ்சினோடு கொண்டுவந்தால், காலையில் வரச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற எஞ்சினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் பண்ண வேண்டும். செயின் தேய்ந்திருந்தால் முதல் சில வினாடியில் கலகலக்கும். சாவியைத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து அணைய வேண்டும். எயார்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் யாரோ அதை அடைத்திருக்கிறார்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017இன் 35ஆவது வாரம். பல பி.எம்.டபிள்யூக்களில் ஸ்பெயார் வீலே இல்லை, ரன்ஃபிளெட் டயர்தான். அந்த அளவு நம் ஊர்க் கடையில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

மீற்றரைக் குறைப்பது சில நிமிட வேலை. ஆனால் ஜெர்மன் கார்களில் ஓடிய தூரம் சாவியிலும் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். சரியான ஸ்கேனர் உள்ளவர் அதைப் படித்துவிடுவார். கார் இங்கிலாந்திலிருந்து வந்ததென்றால் அங்கே இருந்த நம்பரைக் கேட்டு வாங்குங்கள். வருடாந்தச் சோதனை நடந்திருந்தால் அதில் பதிந்த மைலேஜை அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இவ்வளவு பார்த்தும் ஏமாந்தால் சட்டம் இருக்கிறது. ஆனால் அது கடதாசியைத்தான் கேட்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள், வியாபாரி தவறாக வழிநடத்துவதையும் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதையும் தடுக்கின்றன. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தொலைபேசி 1977. தமிழில் எழுதலாம், அரசியலமைப்பு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஆகவே "80,000 கிலோமீட்டர், விபத்தில்லை, எஞ்சின் திறக்கவில்லை" என்று கார் சேல்காரர் வாயால் சொல்வதை விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கராஜுக்கும் இதே சட்டம்தான். வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு. பில் கேளுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த ரீகண்டிஷன் பாகத்துக்குப் புதியதின் விலை போடுகிறார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. மத்தியஸ்த சபை, அல்லது வழக்கு. அங்கே திறந்த பேப்பரில் வாங்கியவர் நிலை இன்னும் மோசம். பதிவுப் புத்தகத்தில் வேறு பெயர், கையில் திகதி போடாத படிவம் என்று இருப்பவர் எதையும் நிரூபிப்பது கடினம். விற்றவரும் 14 நாளுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்காவிட்டால், அடுத்தவர் செய்யும் விபத்து அவர் வீட்டுக் கதவைத் தட்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் நிலுவை தீர்ந்த கடிதம் வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்கக் கூடாது. லீசிங் எடுத்து, தவணை பிந்தி, காரை சீஸ் பண்ண அடாவடியாக ஆள் வந்தால், கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டுவிட்டு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு, 1935க்கு, அழையுங்கள்.

என் கணிப்பில், கார் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத் திருத்தத்துக்கென்று தனியாக வைக்க முடியாதவர் இந்தக் காரை வாங்கக் கூடாது. லீசிங்கில் வாங்குவது அதைவிடக் கூடாது. ஏனென்றால் கார் கராஜில் நின்றாலும் தவணை நிற்காது. வாங்கியே தீருவேன் என்றால் விற்பனைப் பத்திரத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் முடியும் திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்துவிடுங்கள்.