ஜாதிக்காய்க்கு ஒரே கொள்முதல்காரர்

நம் மளிகைக் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் நாலைந்து ஜாதிக்காய் எப்போதும் கிடக்கும். கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க ஒன்று வாங்கிப் போவார்கள். இந்தச் சரக்குக்காக ஒரு ஊரே அழிக்கப்பட்டது என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

பதினேழாம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு ஜாதிக்காய் வந்தது இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள பந்தா தீவுகளிலிருந்து. அத்தீவுகளில் நெல் விளையாது. ஜாவா, மலாய் வணிகர்கள் அரிசியும் துணியும் கொண்டுவந்து கொடுத்துக் காயை எடுத்துச் சென்றார்கள். நம் சோழமண்டலக் கரைத் துணிக்கு அங்கே நல்ல கிராக்கி. டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் அந்தத் துணியைக் கொள்முதல் செய்யத்தான்.

1602-இல் தொடங்கப்பட்ட அக்கம்பெனி, காயைத் தனக்கு மட்டுமே விற்கவேண்டும் என்று தீவின் தலைவர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. விலை குறைவு. பதிலுக்கு அது கொண்டுவந்த கம்பளித் துணி அந்த வெயிலுக்கு யாருக்கு வேண்டும்? அரிசியும் போதுமான அளவு வரவில்லை. வயிறு காயும்போது ஒப்பந்தம் எத்தனை நாள் நிற்கும்? தீவினர் பழைய வாடிக்கையாளருக்கும் ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். கம்பெனி அதை ஒப்பந்த மீறல் என்றது.

1621-இல் ஆளுநர் கூன் படையோடு வந்திறங்கினார். 44 தலைவர்களை ஜப்பானியக் கூலிப்படையினர் வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஆயிரத்தை ஒட்டித்தான் இருப்பார்கள் என்கிறார்கள். மற்றவர்கள் வாளுக்கும் பட்டினிக்கும் பலியானார்கள், பிடித்துச் செல்லப்பட்டார்கள், சிலர் படகேறித் தப்பினார்கள். நிலத்தைத் தோட்டங்களாகப் பிரித்து ஐரோப்பியரிடம் கொடுத்து, அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள்.

அதன் பிறகு விலையைக் காப்பாற்றும் வேலை. வேறெங்கும் நட்டாலும் முளைக்காதிருக்கக் காயைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். கிராம்பிலும் இதே கதைதான். அனுமதியில்லாத தீவுகளுக்குப் படகுப்படை சென்று மரங்களை வெட்டிச் சாய்த்தது. சரக்கு மிகுந்தபோது ஆம்ஸ்டர்டாமில் கிடங்குச் சரக்கையே கொளுத்தியதுண்டு. நாம் சரக்குக்குத் தீக் காப்பீடு கட்டுகிறோம், அவர்கள் தாங்களே தீ வைத்தார்கள்!

இத்தனை செய்தும் கம்பெனி நிலைக்கவில்லை. கடனில் மூழ்கி 1799-இல் கலைக்கப்பட்டது. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் கன்றுகளை மொரீஷியசுக்குக் கடத்தியிருந்தார்கள். 1796-இல் பந்தாவைப் பிடித்த ஆங்கிலேயர் பினாங்குக்குக் கொண்டுபோனார்கள். இன்று கேரளத் தோட்டங்களிலிருந்தே நமக்கு ஜாதிக்காய் மூட்டை மூட்டையாக வருகிறது.