ஒரே வண்டி, இரண்டு விலை!



ஒரே வண்டி. ஒரே பெட்டி. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருவர். இருவரும் இலண்டனில் பாடிங்டன் நிலையத்தில் ஏறியவர்கள். இருவரும் பிரிஸ்டலில் இறங்கப் போகிறவர்கள். ஆனால் ஒருவர் கொடுத்த காசு அதிகம், மற்றவர் கொடுத்தது குறைவு. குறைவாகக் கொடுத்தவர் மந்திரியின் மைத்துனரா? இல்லை. இரயில்வே அதிகாரிக்கு உறவா? அதுவும் இல்லை. கள்ளச் சீட்டா? அறவே இல்லை! அவர் கையில் ஒன்றுக்கு இரண்டாகச் சீட்டு இருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

இலண்டனிலிருந்து டிட்காட் என்னும் ஊர்வரை ஒரு சீட்டு. டிட்காட்டிலிருந்து பிரிஸ்டல்வரை மற்றொன்று. டிட்காட்டில் அவர் இறங்கவில்லை. வண்டி நின்றது, கிளம்பிற்று. அவர் கையிலிருந்த பத்திரிகையைக்கூட மடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு சீட்டின் விலையைக் கூட்டிப் பார்த்தால், பல வேளைகளில் முழுச் சீட்டின் விலையைவிடக் குறைவு! பகுதிகளைக் கூட்டினால் முழுமை வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிரிட்டனின் இரயில்வே அந்தக் கணக்கையே புரட்டிப் போட்டுவிட்டது.

நம் ஊர் இரயிலில் இந்த வித்தை பலிக்காது. இங்கே தொலைவு கூடக் கூட, கிலோமீட்டருக்கு விழும் கட்டணம் குறைந்துகொண்டே போகும். சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்பவர் திருச்சியில் சீட்டை வெட்டினால், கரைவது அவர் கைக்காசுதான்.

அங்கே மட்டும் ஏன் இப்படி? கொஞ்சம் பின்னே போவோம். 1844ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதற்குமுன் மூன்றாம் வகுப்புப் பாட்டாளி பல வண்டிகளில் கூரையில்லாத பெட்டியில், மழையிலும் கரிப்புகையிலும் பயணம் செய்தான். சட்டம் சொன்னது: நாளைக்கு ஒரு வண்டியாவது அவனுக்காக ஓட வேண்டும், மேலே கூரை வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. மைலை எண்ணினால் கட்டணம் தெரியும். எழுத்தறியாதவனுக்கும் விளங்கும் கணக்கு!

1948 ஜனவரி முதல் நாள் இரயில்வே நாட்டுடைமை ஆயிற்று. ஆனால் 1960களிலேயே மைல் கணக்கு கைகழுவப்பட்டு, எந்த வழியில் எவ்வளவு கறக்க முடியும் என்ற கணக்கு புகுந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டமோ பயணி வண்டிகளை 25 கூறுகளாக்கித் தனியாருக்கு ஏலம் விட்டது. சில கட்டணங்களுக்கு அரசு உச்சவரம்பு வைத்தது. தொலைதூரக் காலை வண்டியின் முழுக் கட்டணத்தைப் பெரும்பாலும் கம்பெனியின் விருப்பத்துக்கே விட்டது. கம்பெனிச் செலவில் பயணம் செய்யும் சீமான்கள் கேட்டதைக் கொடுப்பார்கள் என்று விலையை ஏற்றினார்கள். அதே வண்டியில் ஏறிய கொத்தனும் தச்சனும் சீமானின் விலையைக் கொடுத்தார்கள்! இலண்டனில் நெரிசல் நேரக் கட்டணம். வண்டி தொலைவு போவதற்குள் நெரிசல் நேரம் முடிந்துவிடும். அங்கிருந்து தொடங்கும் சீட்டுக்கு விலை இறங்கிவிடும். பிரித்து வாங்குகிறவர் மிச்சம் பிடிப்பது இத்தகைய ஓட்டைகளில்தான். 2019இல் இரயில் கம்பெனிகளே ஒப்புக்கொண்ட கணக்குப்படி அந்த நாட்டில் ஏறத்தாழ 5.5 கோடிக் கட்டணங்கள்! ஆளுக்கொன்று கொடுக்கலாம் போலிருக்கிறது.

இப்படிப் பிரித்து வாங்குவது சூழ்ச்சி என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. சூழ்ச்சி யாருடையது? இரயில்வேயின் பயண விதிகளிலேயே இந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: சீட்டு மாறும் நிலையத்தில் வண்டி நிற்க வேண்டும். சீசன் சீட்டு வைத்திருப்போர்க்குச் சில விலக்குகள் உண்டு. மற்றவர்க்கு இதுவே சட்டம். டிட்காட்டில் நிற்காமல் பறக்கும் விரைவு வண்டியில் ஏறிவிட்டால், கையிலுள்ள இரண்டு சீட்டும் காப்பாற்றாது. புதுக் கட்டணம் கேட்பார்கள், அபராதமும் விழலாம்.

உரிமை இருக்கிறது, சரி. சொல்பவர் யார்? நிலையத்துச் சீட்டு எந்திரம் பொதுவாகச் சொல்லாது. கவுண்டர் எழுத்தரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார். தாமாகச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. கைப்பேசிச் செயலிகள் கண்டுபிடித்துத் தருகின்றன. அவற்றில் சில, மிச்சமாகும் காசில் ஒரு பங்கைத் தமக்கென்று எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்துக்கும் தரகு! விடியற்காலையில் எந்திரத்தின் முன் அவசரமாக நிற்கும் உழைப்பாளி, தனக்குத் தெரியாத ஒன்றுக்காகத் தண்டம் கட்டுகிறான்.

கேட்டால் கொடுக்கும் அந்தக் கவுண்டர்களையும் பெரும்பாலும் மூடிவிட 2023இல் திட்டம் போட்டார்கள். ஏழரை லட்சம் பேர் கருத்து எழுதிக் குவித்தார்கள். தொழிற்சங்கங்கள் எழுந்தன, ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக மாற்றுத் திறனாளிகள் எழுந்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது.

2025 மார்ச்சில், இங்கிலாந்தில் அரசு வரம்பிட்ட கட்டணங்கள் 4.6 விழுக்காடு ஏறின. அதே ஆண்டு மே மாதத்தில், தனியார் கம்பெனிகளிடமிருந்து வண்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறும் வேலையைத் தொழிற்கட்சி அரசு தொடங்கிற்று. வண்டியின் உடைமையாளர் மாறினார். கட்டணப் புத்தகம் எப்போது மாறும் என்று அங்குள்ள பாட்டாளி கேட்கிறான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

பிள்ளையை அந்நாட்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ அனுப்பியிருக்கும் தோழர்கள், அடுத்த முறை பேசும்போது இதைச் சொல்லி வையுங்கள். பிரித்து வாங்கட்டும். ஏறுமுன், வண்டி டிட்காட்டில் நிற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.