நான்கு நொடியின் சாட்சி

அமெரிக்க டிராக் பந்தயத்தில் மிக வேகமான பிரிவு டாப் ஃபியூல். நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்பும் கார் 1,000 அடியை நான்கு நொடிக்குள் கடந்துவிடும். எல்லைக்கோட்டைத் தொடும்போது வேகம் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஏதாவது கோளாறு என்றால், "கார் உதறியது" என்பதற்கு மேல் ஓட்டுநரால் அதிகம் சொல்ல முடியாது. மீதியைச் சொல்வது காரில் பொருத்திய டேட்டா லாகர்.

எஞ்சின் சுழற்சி, எரிபொருள் அழுத்தம், சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றின் அழுத்தம், முடுக்கம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் உண்டு. எல்லாவற்றையும் லாகர் நொடிக்குப் பல முறை பதிந்துகொள்கிறது. ஓட்டம் முடிந்ததும் மடிக்கணினியில் அவை வண்ணக் கோடுகளாக விரியும்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை, இரண்டு கோடுகளைச் சேர்த்துப் படிப்பது. இந்தக் கார்களில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. பல தகடுகள் கொண்ட கிளட்ச், தொடக்கத்தில் வேண்டுமென்றே வழுக்கவிடப்பட்டு, முன்பே குறித்து வைத்த நேரப்படி படிப்படியாக இறுகும். எஞ்சின் சுழற்சிக் கோட்டுக்கும், சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் சுழற்சிக் கோட்டுக்கும் இடையே தெரியும் இடைவெளிதான் அந்த வழுக்கல். அது சீராகக் குறுகி மறைந்தால் கிளட்ச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஷாஃப்ட் கோடு திடீரென மேலே பாய, முடுக்கக் கோடு அதே கணத்தில் சரிந்தால், டயர் பிடி விட்டுச் சும்மா சுழன்றிருக்கிறது. ஒற்றைக் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

எட்டு சிலிண்டர்களின் புகைக்குழாய்களிலும் வெப்ப உணரிகள் உண்டு. ஒன்றில் மட்டும் வெப்பம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று பொருள். இது சாதாரண விஷயமல்ல. எரியாத நைட்ரோமீத்தேன் எரிபொருள் உள்ளே தேங்கினால் எஞ்சினே வெடிக்கலாம். போதாக்குறைக்கு, மேல்நோக்கிச் சீறும் புகையின் உந்துதல் ஒரு பக்கம் குறைவதால் கார் அந்தப் பக்கமே இழுக்கும்.

ஆனால் வெப்ப உணரி தானே சூடேறிய பிறகுதான் கணக்குச் சொல்லும்; நான்கு நொடி ஓட்டத்தில் அந்தத் தாமதம் பெரிது. அதனால்தான் தேர்ந்த மெக்கானிக்குகள் திரையோடு நிற்பதில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்க்கிறார்கள், பேரிங்குகளைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பந்தயத்தை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதி இங்கே எனக்கு மிகவும் பிடித்தமானது. லாகர் பதிவு செய்யலாம். ஆனால் ஓட்டத்தின் நடுவே அதைப் பார்த்து எஞ்சினையோ கிளட்ச்சையோ கணினி தானாகத் திருத்தக் கூடாது. டயர் வழுக்கினால் சமாளிப்பது ஓட்டுநரின் வலது கால் மட்டுமே. கோடுகளைப் பார்த்து, தடத்தின் வெப்பத்தை அளந்து, அடுத்த சுற்றில் கிளட்ச் நொடியில் எத்தனை பங்கு தாமதமாக இறுக வேண்டும் என்று தீர்மானிப்பது குழுத் தலைவர். அதற்குள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியும் முடித்தாக வேண்டும்.