ஒளி பட்டால்தான் வேலை செய்யும் மருந்து… தெரியுமா?

அதற்கு முன் ஒளியை உமிழும் ஒரு விந்தை. ஒரே பொருள். துகளின் அளவை மட்டும் குறைத்துக்கொண்டே போனால் சிவப்பாக ஒளிர்ந்தது பச்சையாகும், பச்சை நீலமாகும்! நம்ப முடிகிறதா? குறைகடத்தியைச் சில நானோமீட்டருக்குச் சுருக்கினால், அதற்குள் அடைபட்ட எலெக்ட்ரான் அடுத்த நிலைக்குத் தாவ அதிக ஆற்றல் தேவைப்படும். திரும்பி விழும்போது அது உமிழும் ஒளியும் நீலத்தின் பக்கம் நகரும். இப்படிச் சுருங்கிய துகள்கள்தான் குவாண்டம் புள்ளிகள்.

1980களின் தொடக்கத்தில் சோவியத் யூனியனில் அலெக்சி எகிமோவ் இந்த விளைவைக் கண்ணாடிக்குள் கண்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூஸ் கரைசலில் கண்டார். 1993-இல் மௌங்கி பாவெண்டி, வேண்டிய அளவில் பிசகில்லாமல் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். மூவருக்கும் 2023-இன் வேதியியல் நோபல்! கடையில் ‘கியூஎல்இடி’ டிவி என்று விற்கிறார்களே, அதற்குள் இருப்பவை இந்தத் துகள்கள்தான். விற்பவர் என்னவோ "கலர் பளிச்சுனு இருக்கும் சார்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இது ஒளி தரும் வேதியியல். ஒளியை வாங்கிக்கொண்டு புற்றுநோயைக் கொல்லும் வேதியியலும் உண்டு, தெரியுமா? என்னைக் கேட்டால் இதுதான் பெரிய அதிசயம்!

மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் அக்ரிடின் சாயத்தில் பாரமீசியங்களை விட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் இருந்தவை செத்தன, இருட்டில் இருந்தவை பிழைத்தன! 1900-இல் இதை வெளியிட்டார். 1912-இல் ஃபிரெடரிக் மேயர்-பெட்ஸ் என்ற மருத்துவர் செய்தது இன்னும் விபரீதம்: ஹெமட்டோபார்ஃபிரின் 200 மில்லிகிராமைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். முகமும் கைகளும் வீங்கிப்போயின!

அந்த வழியில் வந்த மருந்துதான் ஃபோட்டோஃபிரின். அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டோகர்ட்டி வளர்த்தெடுத்த இந்த மருந்துக்கு 1993-இல் கனடா முதலில் அனுமதி தந்தது. ஊசி போட்டு ஏறக்குறைய 2 நாள் கழித்து, மெல்லிய ஒளியிழை வழியாகப் புற்றுக் கட்டியின் மேல் 630 நானோமீட்டர் சிவப்பு லேசர் பாய்ச்சுவார்கள். மருந்து அந்த ஒளியை விழுங்கி, அருகிலுள்ள ஆக்சிஜனை வெறிகொள்ளச் செய்யும். அந்த ஆக்சிஜனின் ஆயுள் நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! அதனால் பிறந்த இடத்திலேயே தாக்கி ஓய்ந்துவிடும், தள்ளியிருக்கும் செல்லைத் தொடாது. ஜப்பான் 2020-இல் இன்னும் ஒரு படி மேலே போய், புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியோடு சாயத்தை இணைத்த மருந்துக்கே அனுமதி தந்துவிட்டது!

எல்லாப் புற்றுக்கும் இது ஆகாது. சிவப்பு ஒளி திசுவுக்குள் சுமார் 1 சென்டிமீட்டருக்கு மேல் உருப்படியாக இறங்காது. ஃபோட்டோஃபிரின் ஊசி போட்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டவும் கூடாது. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டாலும் பயனில்லை, அது தடுப்பது புற ஊதாக் கதிரைத்தான்!