பாலைவனத்தில் நீச்சல் குளம் இலவசம்!

"மாப்ளே, நீ பி.காம்.தானே?"

போனில் யாராவது இப்படி ஆரம்பித்தால் உஷாராகிவிட வேண்டும். பி.காம். படித்தவனிடம் உலகம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். காசு வாங்காமல் கணக்கு எழுத வேண்டும். கல்யாணமா, கோயில் கும்பாபிஷேகமா, ஃப்ளாட் அசோஸியேஷனா... "நம்ம தம்பி காமர்ஸ் ஆச்சே!" என்று நோட்டைக் கையில் திணித்துவிடுவார்கள்.

பேசியது என் அக்கா வீட்டுக்காரர். நிலத்தடி நீர் விஞ்ஞானி. வறண்ட பிரதேசங்களில் தண்ணீரை எப்படிக் காப்பாற்றுவது என்று மூன்று நாள் கருத்தரங்கு நடத்துகிற பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. நூற்றிருபது பேர். 2024 செப்டம்பர் கடைசி வாரம். இடம், ராஜஸ்தானில் ஜெய்சல்மேரைத் தாண்டி, தார் பாலைவனத்தில் ஒரு ரிசார்ட்.

"எங்க ஆளுங்களுக்கு மண்ணுல இருக்கிற ஈரத்தை அளக்கத் தெரியும் மாப்ளே. சாப்பாட்டு பில்லைக் கூட்டத் தெரியாது. நீ வந்துடு."

என் மனைவி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "ஒட்டகத்து மேல மட்டும் ஏறாதீங்க. ஸ்கூட்டர்லயே உங்களுக்கு பேலன்ஸ் கிடையாது."

*

விஞ்ஞானக் கருத்தரங்கு என்றால் என்னமோ நினைத்திருந்தேன். ஏற்பாட்டுக் கமிட்டி நான்கு முறை கூடியது. முதல் இரண்டு கூட்டமும் பிரதிநிதிகளுக்குக் கொடுக்கிற பை பற்றி. சணல் பையா, துணிப் பையா? ஜிப் வைத்ததா, வைக்காததா? ஒரு பேராசிரியர் சணலுக்காக இருபது நிமிஷம் வாதாடினார். மூன்றாவது கூட்டத்தில் யார் குத்துவிளக்கு ஏற்றுவது. நான்காவதில்தான் தண்ணீர் வந்தது. அதாவது, தண்ணீர் பாட்டில். நூற்றிருபது பேர், மூன்று நாள், ஆளுக்கு தினம் ஐந்து. 1,800 பாட்டில் என்று கூட்டிச் சொன்னேன். உடனே பாஸானது.

ரிசார்ட்காரரிடம் பேரம் பேசுகிற வேலை எனக்கு. அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் சீஸன். செப்டம்பரில் வெயில் 38 டிகிரி காய்கிறது, ஆள் வர மாட்டார்கள். ஆகவே பாதி ரேட். அத்தானுக்கும் செப்டம்பர்தான் வசதி. மழைக்காலம் முடிந்து அந்த ஊர் வயல்களில் தண்ணீர் நிற்கிற மாதம். அதைக் காட்டத்தான் எல்லாரையும் அவ்வளவு தூரம் இழுத்துப் போகிறார்.

பாதி ரேட்டோடு விட்டிருக்கலாம். ரங்கநாதன் தெருவில் பேரம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "எக்ஸ்ட்ராவா என்ன குடுப்பீங்க?" என்றேன். மேனேஜர் யோசித்துவிட்டு, "நீச்சல் குளத்தை உங்களுக்காகவே நிரப்பிடறோம் ஸார். கடைசி ராத்திரி ரெயின் டான்ஸ். ரெண்டும் இலவசம்" என்றார்.

ரெயின் டான்ஸ் தெரியாதவர்களுக்கு: தலைக்கு மேலே குழாய் கட்டி மழை மாதிரி தண்ணீர் கொட்டுவார்கள். கீழே பாட்டுப் போட்டு ஆட வேண்டும்.

பெருமையோடு ஒப்பந்தத்தை கமிட்டிக்கு அனுப்பினேன். தண்ணீரிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் எழுதியிருந்தார், பையில் ஜிப் வேண்டும் என்று.

*

ஜோத்பூர் வரை ரயில். அங்கிருந்து சாலையில் சுமார் 280 கிலோமீட்டர். வழியில் பொக்ரான். 1974-லிலும் 1998-லிலும் அணுகுண்டு சோதனை நடத்திய அதே பொக்ரான்தான். நாங்கள் பார்த்தது ஒரு டீக்கடை. டீ சுமார்.

ஜெய்சல்மேரிலிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் போனால் சாம் மணல்மேடுகள். அந்தச் சாலையில்தான் எங்கள் ரிசார்ட். கேட்டைத் தாண்டியதும் நீலமாக, சதுரமாக, கண்ணாடி மாதிரி குளம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயந்திரம் முதலில் இறங்கியது நான்தான். 280 கிலோமீட்டர் புழுதிக்கு அது தேவாமிர்தம். மல்லாக்கப் படுத்து மிதந்துகொண்டே, "எல்லாம் என் பேரம்" என்று பக்கத்தில் மிதந்த ஜெய்ப்பூர் பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டேன். அவர் பாராட்டினார்.

முதல் நாள் பேச்சுகளில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி தூக்கிவாரிப் போட்டது. ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தால் அமோகம் என்கிறார்கள். சென்னையில் சராசரி 1,400. அதாவது ஏழு மடங்கு. அந்த ஏழு மடங்குக்காரர்களான நாம்தான் 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தோம். அந்த வருஷம் லாரித் தண்ணீருக்காக என் மனைவி நான்கு குடத்தோடு விடிகாலை தெருவில் நின்றதும் ஞாபகம் வந்தது.

இன்னொருவர் ஜெய்சல்மேர் கோட்டையைப் பற்றிப் பேசினார். 1156-இல் கட்ட ஆரம்பித்தது. இன்னும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். எண்ணூறு வருஷம் வெயிலையும் படையெடுப்பையும் தாங்கிய கோட்டைக்கு வில்லன் யார் தெரியுமா? குழாய்த் தண்ணீர்! வீட்டுக்கு வீடு குழாயும், ஹோட்டலுக்கு ஹோட்டல் பாத்ரூமும் வந்த பிறகு, சாக்கடைக் கசிவு கீழே இருக்கிற களிமண்ணில் இறங்கி அஸ்திவாரத்தை இளக்குகிறது. நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2024 ஆகஸ்டில், பெருமழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்திருந்தது. பாலைவனத்துக் கோட்டை தண்ணீரால் சாகிறது. மேஜைக்கு மேஜை பாட்டிலை உருட்டிக்கொண்டு இதைக் கேட்டோம்.

*

இரண்டாம் நாள் பஸ் ஏறி வயல் பார்க்கப் போனோம்.

வயல் என்றதும் நம்ம ஊர் மாதிரி நினைக்காதீர்கள். நாலாபுறமும் கல்லும் கட்டாந்தரையும். சரிவு முடிகிற இடத்தில் குறுக்கே நீளமாக ஒரு மண் கரை. கரைக்கு உள்பக்கம் கலங்கலாக, முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் விரிந்து கிடந்தது. கொக்குகள்கூட நின்றன. இதற்குப் பெயர் கடீன்.

சங்கதி ரொம்ப எளிது. மேலே பாறை மேடு. அதில் விழுகிற மழை உள்ளே இறங்காது, வழிந்து ஓடும். ஒரு ஏக்கர் வயலுக்குப் பத்துப் பதினைந்து ஏக்கர் மேட்டின் தண்ணீரைக் கரை கட்டி மறிக்கிறார்கள். மேட்டிலிருந்து வண்டலும் சேர்ந்து வரும். நிற்கிற தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். அக்டோபர், நவம்பரில் தரை தெரிந்ததும் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். அதற்கப்புறம் ஒரு சொட்டு பாய்ச்சுவதில்லை. மண்ணில் ஊறிய ஈரத்திலேயே பயிர் விளைந்து அறுவடைக்கு வந்துவிடும். பாலிவால் பிராமணர்கள் சுமார் ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் பரப்பிய முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் குல்தரா முதலான ஊர்களைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். இன்று குல்தராவில் பேய் இருப்பதாகச் சொல்லி டூரிஸ்டுகளைக் கூட்டிவருகிறார்கள். கடீன்கள் பல இன்னும் வேலை செய்கின்றன. அதைப் பார்க்கத்தான் கூட்டம் இல்லை.

கரையைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பெரியவர். எழுபதுக்கு மேல். காவி நிறத் தலைப்பாகை. பார்மேர் மாணவன் ஒருவன் அவர் பேச்சை இங்கிலீஷாக்கிக்கொண்டே வந்தான். தண்ணீருக்கு அங்கே மூன்று பெயராம். வானத்திலிருந்து விழுந்து கண்ணுக்குத் தெரிகிறது பாலர் பானி. ஆழக் கிணற்றில் இருப்பது பாதாள் பானி, பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே மண்ணில் ஈரமாகத் தங்குவது ரேஜானி பானி. சில இடங்களில் தரைக்குக் கீழே ஜிப்சம் படிவம் ஓடுகிறது. ஈரத்தை உப்புத் தண்ணீரோடு சேரவிடாமல் அது தாங்கிப் பிடிக்கும். அங்கே குறுகலாகக் கிணறு தோண்டினால் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் ஊறும்.

(இதே ஜிப்சம் வேறு முகமும் காட்டும். 2006 ஆகஸ்டில் பார்மேர் பக்கம் கவாஸில் வெள்ளம் வந்தபோது, தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது.)

அனுபம் மிஸ்ரா என்பவர் இதையெல்லாம் ஹிந்தியில் புத்தகமாக எழுதியவர். 1993-இல் குளங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு காப்புரிமையே வேண்டாம், யாரும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். காமர்ஸ்காரனுக்கு இது ஜீரணமாகாத விஷயம். 2016-இல் காலமாகிவிட்டார்.

பெரியவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். "இத்தனை பேர் எதுக்கு வந்திருக்கீங்க?"

"தண்ணீரைப் பத்திப் பேச."

"எங்கே தங்கியிருக்கீங்க?"

மாணவன் ரிசார்ட் பெயரைச் சொன்னான். பெரியவர் தலையாட்டினார். "ஓ, அதுதான். போன வாரம் இந்த வழியா டேங்கர் போச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, இருபது எண்ணினேன். யார் வீட்லயோ கல்யாணம்னு நினைச்சேன்."

கோபமில்லை, குத்தலில்லை. கல்யாணம் என்றே நிஜமாக நினைத்திருக்கிறார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் கொக்கைப் பார்த்தேன்.

*

அத்தான் அன்று ராத்திரியே நிகழ்ச்சி நிரலை மாற்றினார். மறுநாள் காலை பெரியவர் பேசுவார். வராத ஒரு பேராசிரியரின் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். பதினைந்து நிமிஷம் கொடுத்திருந்தோம், ஐம்பது நிமிஷம் கேள்விக்குப் பதில் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை. டீ இடைவேளையில் மேஜைகளில் பாதி குடித்த பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு மாணவனிடம் மெதுவாகக் கேட்டார், "இவங்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லையா?"

நான் ரெயின் டான்ஸை ரத்து செய்யப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷன். ஆனால், "தண்ணி ஏறியாச்சே ஸார். மூணு டேங்கர். இலவசத்தை ரத்து பண்ணினா எனக்கு என்ன லாபம், உங்களுக்கு என்ன லாபம்?" என்றார். நியாயம்தான். ஆடுவதற்கென்றே ஸ்பெஷலாக அரைக்கால் சட்டை கொண்டுவந்திருந்த ஒரு டெல்லி விஞ்ஞானி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கடைசியில் டேங்கர் டிரைவரைப் பிடித்தோம். டிரிப்புக்கு 600 ரூபாய் கேட்டார். மேல்தொட்டித் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சி, கிராமத்து மாட்டுத் தொட்டிகளில் கொண்டுபோய் ஊற்றினார். மூன்று டிரிப், 1,800.

நீச்சல் குளத்துத் தண்ணீரை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. குளோரின். மாடுகூடக் குடிக்காது என்றார்கள். இருபது டேங்கர். அதில் நான் மிதந்தேன்.

*

ஊருக்கு வந்து கணக்கு எழுத உட்கார்ந்தேன். பேச்சாளர் சன்மானம் 3,000 ரூபாய். மற்றவர்களுக்கெல்லாம் சுலபமாகப் போய்விட்டது. பெரியவருக்கு வந்தபோது படிவத்தில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் பணம் போகாது. முதலில் 'உள்ளூர்ப் போக்குவரத்து' என்ற தலைப்பில் காட்டிவிடலாமா என்று பார்த்தேன். அத்தான் சத்தம் போட்டார். "டிரைவர் செலவா அவர்?" எனவே 'கரை பார்த்தல், ஐம்பது வருஷம்' என்று எழுதி அனுப்பினேன். பணத்தை அத்தான் கையிலிருந்து பேரனின் போனுக்கு அனுப்பிவிட்டார்.

டிசம்பரில் ஆடிட்டர் கடிதம் வந்தது. வவுச்சர் 46, ரெயின் டான்ஸ் தண்ணீரை மாடுகளுக்கு மாற்றிய வகையில் 1,800 ரூபாய்: சரி. வவுச்சர் 47, பேச்சாளர் சன்மானம்: தகுதிக்கு ஆதாரம் தேவை.

2025 பிப்ரவரியில் பார்மேர் மாணவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நாங்கள் கொக்கு பார்த்த அதே இடம். தண்ணீர் இல்லை. கரை ஓரம் முதல் கரை ஓரம் வரை இடுப்பளவு கோதுமை. நடுவில் தலைப்பாகை மட்டும் தெரிகிறது. கலர் பிரிண்ட் எடுத்து வவுச்சர் 47-இல் பின் அடித்து அனுப்பினேன்.

திரும்பி வந்தது. சிவப்பு இங்க்கில் ஒரு வரி: "இது பயிர். சான்றிதழ் இணைக்கவும்."