நோயாளி எழுதும் கடிதம்



மருத்துவரின் முன் நோயாளி அமர்ந்திருக்கும் நேரம் மிகச் சிறிது. சொல்ல எண்ணி வந்தவற்றுள் பாதி நாவிலேயே நின்றுவிடும். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று மருத்துவர் வினவினால், “நலந்தான் ஐயா” என்று பழக்கத்தால் விடை வந்துவிடும். வகுப்பில் எழுந்து நின்றால் வாய் திறவாத மாணவன், தாளைக் கொடுத்தால் பக்கம் பக்கமாக எழுதுவதை யான் பல்லாண்டுகள் கண்டிருக்கிறேன். நோயாளியும் அத்தகையவரே.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர் நிலை இன்னும் கடினமானது. மருந்தை ஏற்றுவது மருத்துவமனையில்; அதனால் விளையும் குமட்டலும் வாந்தியும் சோர்வும் தோன்றுவதோ பெரும்பாலும் வீட்டில். மருத்துவரை மீண்டும் காண இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அதற்குள் தாங்கிக்கொண்டவை மறந்துபோகும். தாங்க முடியாதவை முற்றிப்போகும். இந்த இடைவெளியை மின்னஞ்சல் நிரப்புமா?

நியூயார்க் நகரத்து மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஈதன் பாஷ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதை ஆராய்ந்தனர். 2007 முதல் 2011 வரை, நோய் உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட 766 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கமான முறையிலேயே கவனிக்கப்பட்டனர். மற்றப் பிரிவினரோ, 12 வகைத் தொல்லைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு கடுமையாக உள்ளது என்பதைக் கணினி வழியே தெரிவித்து வந்தனர். கணினி பழகியோர்க்கு வாரந்தோறும் மின்னஞ்சலில் நினைவூட்டல் சென்றது. பழகாதோர் மருத்துவமனைக்கு வரும்போது அங்கிருந்த கணினியில் பதிந்தனர். தொல்லை மிகுந்தால் செவிலியர்க்கு உடனே மின்னஞ்சல் எச்சரிக்கை போகும். அவ்வெச்சரிக்கைகளுள் நான்கில் மூன்று பங்குக்கு மேலானவற்றுக்குச் செவிலியர் உரிய நடவடிக்கை எடுத்தனர்.

பயன் என்ன? 2017-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, வழக்கமான கவனிப்புப் பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 26 மாதங்கள். தெரிவித்து வந்தோர்க்கு 31.2 மாதங்கள். புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். சொன்னார்கள், கேட்டார்கள், அவ்வளவே வேறுபாடு. கணினி பழகாத முதியோர்க்குப் பயன் குறைவாயிருக்கும் என்றே நானும் நினைத்தேன். உண்மையில், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது குறைதல் முதலிய பல பயன்கள் அவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டன!

கேட்பதற்கு ஆள் இல்லாவிடில் இம்முறை பயன்படாது. ஒருவரும் திறந்து பாராத அஞ்சலினும், அஞ்சலே இல்லாமை நன்று. நோயாளி வீணே காத்திராமல் வேறு வழி தேடுவார் அல்லரோ?

எழுதும் முறையும் முக்கியம். உங்கள் வீட்டுப் பெரியவர்க்காக நீங்களே எழுத நேரலாம். “உடம்பு சரியில்லை” என்னும் வாக்கியத்தால் மருத்துவர் ஒன்றும் செய்ய இயலாது. “நேற்று மாலை முதல் நான்கு முறை வாந்தி, தண்ணீரும் தங்கவில்லை, கடைசியாக மருந்து ஏற்றியது திங்கட்கிழமை” என்று எழுதினால் அவர் உடனே செயற்படலாம்.

ஆயினும், கடிதத்துக்குக் காத்திராத செய்தியும் உண்டு. புற்றுநோய் மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைக்கும்; அந்நிலையில் சிறு கிருமியும் உயிருக்கு உலை வைக்கும். ஆதலின் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிராமல் தொலைபேசியை எடுக்கவேண்டும். விடை கிடைக்காவிடில் நேரே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.