நாம் மறந்த நாஞ்சில் நாட்டு டைரக்டர்

தம்மவரின் உழைப்பை மதிக்கத் தெரியாத ஜனங்கள் பிறரிடம் மரியாதை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. நாஞ்சில் நாட்டுக் கலைஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், நம்மவர் உடனே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வர். அது நியாயமான பெருமையே. ஆனால் அதே நாகர்கோவிலில் 1910-ம் வருஷம் பிறந்து, ஏறக்குறைய 60 படங்களை டைரக்ட் செய்த ஸ்ரீ பி. சுப்பிரமணியத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கலைவாணர் சென்னைக்குச் சென்றார். சுப்பிரமணியம் திருவனந்தபுரத்துக்குச் சென்றார். ஒருவரை நினைப்பதற்கும் மற்றவரை மறப்பதற்கும் இதுவே காரணமாயின், அது நமக்குப் பெருமை தருவதன்று.

அவர் செய்த காரியத்தின் அளவை அறிய, அக்கால நிலைமையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் தயாரிக்கப்பட்டது. மலையாளப் படம் எடுக்க விரும்பியவர் நடிகர்களையும் பணத்தையும் சுமந்துகொண்டு சேலத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்தது. ஆலப்புழைக்கருகே குஞ்சாக்கோவின் உதயா ஸ்டூடியோ 1947-ல் தோன்றியது. 1951-ல் சுப்பிரமணியம், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையிலுள்ள நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவினார்.

ஸ்டூடியோ என்பது நான்கு சுவர்களும் ஒரு காமிராவும் மட்டுமல்ல. தச்சர், தையற்காரர், சித்திரக்காரர், விளக்குப் பிடிப்பவர், ஒலிப்பதிவாளர் எனப் பல கைகளுக்குத் தினந்தோறும் வேலை கொடுக்கும் தொழிற்சாலை அது. பஞ்சை வெளியூர் ஆலைக்கு அனுப்பித் துணியை விலைக்கு வாங்கும் ஜனங்களின் கதி என்னவென்று நமது சுதேசி இயக்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. கதையை வெளியூருக்கு அனுப்பிப் படமாக வாங்குவதும் அத்தகையதே. பிற்காலத்தில் மலையாளத் திரையின் பெரும் நடிகராக விளங்கிய சத்யன், மெரிலாண்டின் 'ஆத்மசகி' மூலமாகவே 1952-ல் முதன்முதல் ஜனங்கள் முன் தோன்றினார் என்பது இத்தொழிற்சாலையின் பயனுக்கு ஓர் அத்தாட்சி.

தொடக்கத்தில் பிறரைக் கொண்டு படம் எடுத்த சுப்பிரமணியம், 1956-ல் 'மந்திரவாதி' முதல் தாமே டைரக்டரானார். அடுத்த வருஷமே, முட்டத்து வர்க்கியின் நாவலைத் தழுவிய அவரது 'பாடாத்த பைங்கிளி' ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1961-ல் 'பக்த குசேலா', 1969-ல் 'குமார சம்பவம்', 1974-ல் 'தேவி கன்யாகுமாரி', 1975-ல் 'சுவாமி ஐயப்பன்' என வரிசை நீள்கிறது. கேரள அரசு 1969-ம் வருஷத்துக்கென முதன்முதலாக வழங்கிய சிறந்த படப் பரிசு 'குமார சம்பவ'த்துக்கே கிடைத்தது. 1978-ல் காலமாகும் வரை, வருஷத்துக்கு இரண்டு மூன்று படங்கள் வீதம் அவர் உழைத்தார்.

இவை யாவும் உயர்ந்த கலைப் படைப்புகள் என்று நாம் வாதிக்க முன்வரவில்லை. 'நீலக்குயில்' 1954-லும், 'செம்மீன்' 1965-லும் தொட்ட உயரத்தை மெரிலாண்ட் தொடவில்லை. அவசரத் தயாரிப்பின் குறைகளும், பழகிய கதைகளையே திரும்பச் சொல்லும் குறையும் அதற்கு உண்டு. ஆயினும் ஸ்டூடியோவின் கதவு திறந்திருந்தாலன்றித் தொழிலாளிக்குக் கூலி இல்லை. பல படங்கள் ஓடிப் பழகிய கைகள் இன்றி ஒரு சிறந்த படமும் பிறப்பதில்லை. வேலேந்திய முருகனைத் தமது ஸ்டூடியோவின் சின்னமாகக் கொண்ட அவரே, 1963-ல் 'ஸ்நாபக யோஹன்னான்' என்று கிறிஸ்தவ வேத சரித்திரத்தையும் படமாக்கினார். தமிழையும் அவர் கைவிடவில்லை. 1959-ல் வந்த 'யானை வளர்த்த வானம்பாடி' அவர் டைரக்ட் செய்ததே.

அவர் டைரக்டரான அதே 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, அவர் பிறந்த ஊர் தமிழகத்துடன் இணைந்தது. அந்த இணைப்பு சும்மா கிடைத்ததல்ல. 1954 ஆகஸ்டு 11-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் நம் சகோதரர்கள் உயிர் துறந்தனர். அவர்கள் கேட்டது தாய்மொழியில் ஆட்சியும் நீதியும் கல்வியுமே. களியக்காவிளையில் மனங்களுக்கிடையே ஒரு சுவர் எழுப்ப வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை.

அத்தகைய சுவர் என்ன செய்யும் என்பதற்கு ஜே. சி. டானியேல் ஒருவரே போதும். மலையாளத்தின் முதல் மௌனப் படமான 'விகதகுமார'னை எடுத்துச் சொத்தை இழந்த அவர், 1975-ல் அகஸ்தீசுவரத்தில் வறுமையில் மாண்டார். அவர் தமிழகத்தவர் என்று காரணம் காட்டிக் கேரளம் உதவித் தொகை மறுத்ததாக அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அதே கேரளம் 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்கிப் பிழை திருத்திக் கொண்டது. தமிழகமோ, 'அவர் எடுத்தது மலையாளப் படம்தானே' என்று வாளாவிருந்தது. அயலார் செய்த அநீதியைக் கண்டிக்கும் நாம், அதே அநீதியைச் சுப்பிரமணியத்துக்கு இழைப்பது தகுமா?

செய்ய வேண்டிய காரியம் பெரிதல்ல. நாகர்கோவிலில் ஒரு பொது நூலகத்தில் ஓர் அறை ஒதுக்கி, கலைவாணர், டானியேல், திக்குறிச்சி சுகுமாரன் நாயர், சுப்பிரமணியம் ஆகியோரின் படப் பிரதிகளையும், பாட்டுப் புத்தகங்களையும், விளம்பரத் தாள்களையும் சேகரித்து வைக்கலாம். பழைய ஸ்டூடியோக்களில் வேலை செய்து இன்று முதுமை எய்தியோர் இருப்பின், அவர்கள் வாய்மொழியையும் இப்போதே பதிவு செய்து கொள்ள வேண்டும். நாகர்கோவில் மாநகராட்சியும் ஜில்லாவின் கல்லூரிகளும் கைகோத்தால் இது ஒரு வருஷ வேலை. பிலிம் சுருள் நாளுக்கு நாள் அழிந்துவரும் பொருள். தாமதித்தால், சேகரிக்க ஒன்றும் மிஞ்சாது. தேச அபிமானிகள் இன்றே முன்வருவார்களாக.